உறைந்துபோன தேங்காயெண்ணெய்

"கரண்ட் கள்ளனைப் பிடிக்கப் போறம்" என்று மர்ளியா சொன்னதும் கில்பட் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"பிடிச்சா நமக்கு ஷொக் அடிக்காதா ராத்தா?"

ஓட்டோவின் பின்சீட்டில், காற்றில் பறக்கும் முந்தானையை ஒரு கையாலும் முன்கம்பியை மறுகையாலும் பிடித்தபடி மர்ளியா உதட்டை இறுக்கிக்கொண்டாள். அது சிரிப்பை அடக்குகிற இறுக்கம் என்று சாரதிக் கண்ணாடியில் பார்த்த கில்பட்டுக்குத் தெரிந்துவிட்டது. அன்றைய நாளின் முதல் வெற்றி.

மர்ளியா புத்தளத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் துப்பறியும் நிலையம் நடத்துகிறவள். ஓடிப்போன சோடிகள், காணாமற்போன வள்ளங்கள், இன்சூரன்ஸுக்காகத் தாமே தீப்பிடித்துக்கொண்ட கடைகள் எல்லாம் அவள் கையில் அகப்பட்டவை. கில்பட் அவளுடைய சாரதி, உதவியாள், யாரும் நியமிக்காமல் தானே பதவியேற்றுக்கொண்ட கோமாளி. ராத்தா என்று கூப்பிடுவானே தவிர அவள் சொந்த அக்கா இல்லை. சொந்த அக்கா இவ்வளவு ஏசமாட்டாள்.

இன்றைக்குக் கில்பட் வழக்கத்தைவிட அதிகமாகப் பகிடி விட்டான். உள்ளுக்குள் பயமிருந்தால் அவனுக்கு வாய் நீளும். மாட்டிக்கொண்டிருப்பவன் றொகான். ஒரே மாதா கோயில் பாடகர் குழுவில் அவனோடு நின்று சுருதி தப்பிப் பாடியவன்.

ஆலங்குடாக் கடற்கரையில், பட்டம் கட்டிக்கொண்டு அலைமேல் பறக்கும் வெள்ளைக்காரர்களுக்குக் கொஞ்சம் தள்ளி, பல்கலைக்கழகத்தின் கடலியல் நிலையம் நிற்கிறது. இரண்டு மாடி. மேலே தகரச் சீற் கூரை. அந்தக் கூரையின் கீழ் மத்தியானம் இருந்தால் மனிதன் பிட்டுப்போல அவிந்துவிடுவான். இதைத் திருத்த ஒரு வெளிநாட்டுப் பசுமை நிதி முன்வந்திருந்தது. சோலார் தகடு, வெப்பம் இறங்காத கூரை, புது ஜன்னல் எல்லாம் தருவார்களாம். ஆனால் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். கட்டடம் இப்போது எவ்வளவு மின்சாரம் எரிக்கிறது என்று முதலில் அளப்பார்கள். அதில் எவ்வளவை மிச்சம் பிடிக்கலாமோ, அதைப் பொறுத்துத்தான் உதவி.

அளந்து பார்த்தால் மீட்டர் பேய் பிடித்ததுபோல் ஓடியிருக்கிறது. 'யாரோ களவெடுக்கிறார்கள், கண்டுபிடித்தால்தான் மேற்கொண்டு பேச்சு' என்று சொல்லிவிட்டு, நிதிக்காரர் அந்த வேலையை மர்ளியாவிடம் ஒப்படைத்தார்கள். நிலையத்தின் மின்திருத்துநர் றொகான். பக்கத்து ஹோட்டலில் வேலை செய்வது றொகானின் மாமா. ஹோட்டலுக்குக் கள்ள வயர் இழுத்துக் கொடுத்தான் என்று கதைக்க ஊருக்கு இது போதாதா?

வாசலில் றொகான் நின்றான். சவரம் செய்யாத முகம். வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்தார்கள். நிதியின் அதிகாரி இன்று நண்பகல் ளுஹர் தொழுகைக்கு முன்னால் வருவார். அதற்குள் உண்மை தெரியாவிட்டால் அந்தத் தற்காலிக நிறுத்தம் வேலைநீக்கமாகிவிடும்.

"தம்பி, பின்னேரத்தில மீட்டர் பெட்டிக்கிட்டப் போய்ப் போய் நிண்டீங்களாமே, என்னத்துக்கு?" என்று மர்ளியா நேராகக் கேட்டாள்.

"சிக்னல் மெடம். போன் சிக்னல் இந்த வளவில அந்த மூலையில மட்டும்தான் பிடிக்கும்."

"யாரோட கதைக்கிறதுக்கு?"

றொகான் மணலைப் பார்த்தான்.

"இதுக்கெல்லாம் துப்பறியத் தேவையில்ல ராத்தா" என்றான் கில்பட். "காதைப் பாருங்க, கொச்சிக்காய் மாதிரிச் சிவந்துபோச்சு. றோசமேரியோட."

"கலியாணம் பேசி முடிஞ்சது மெடம்" என்றான் றொகான் மெதுவாக. "இப்ப அவட அப்பா யோசிக்கிறாராம். கரண்ட் கள்ளனுக்குப் பொண்ணு குடுத்தா, கோயில்ல எந்த முகத்தோட நிக்கிறதெண்டு கேட்கிறாராம்."

கில்பட் அவன் தோளில் கையைப் போட்டான்.

உள்ளேயிருந்து நிலையத் தலைவர் பேராசிரியர் பதுர்தீன் வேகமாக வந்தார். கட்டையான, கனிந்த முகமுள்ள மனிதர். மூக்குக்கண்ணாடி வெள்ளைப் புகை படிந்து, பால் ஊற்றிய கிண்ணம்போல் இருந்தது. கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி துடைத்தார்.

"பில்லை நினைச்சு அழுதிருக்கார், பாவம்" என்று கில்பட் முணுமுணுத்தான்.

மர்ளியா அந்தக் கண்ணாடியை ஒரு நொடி கூடுதலாகப் பார்த்தாள்.

"நான் யாரையும் குற்றஞ்சாட்டவில்லை" என்றார் பதுர்தீன். "ஆட்கள் கதைக்கிறார்கள். மண்ணுக்கடியில் வயர் போயிருக்கலாம் என்கிறார்கள். ஹோட்டல் பக்கத்தைத் தோண்டிப் பார்த்தால் நல்லதல்லவா?"

"தோண்டுவம் சேர்" என்றாள் மர்ளியா மரியாதையாக. "கில்பட், மண்வெட்டியை எடு."

"நானா? நீங்க?"

"எனக்கு லைப்ரரியில கொஞ்சம் படிக்க ஈக்குது."

கில்பட் தோண்டினான். வெயில் முதுகில் தோசை சுட்டது. வேலியோரம் மண்வெட்டி எதிலோ சிக்கியபோது, "அந்தோனியாரே, வயர்!" என்று கூவி இழுத்தான். வந்தது ஒரு பழைய வலைக்கயிறு. அதன் நுனியைப் பிடித்தபடி ஒரு நண்டும் வந்து, அவனை முறைத்துவிட்டு ஓடியது. ஹோட்டல் ஓரம் முழுக்கக் கிளறியாயிற்று. வயர் இல்லை. றொகானை நினைத்து அவன் மனம் துள்ளியது. இடுப்பை நினைத்தபோது அடங்கியது.

நிழல் தேடிக் கட்டடத்தின் பின்பக்கம் போனவன் அங்கே ஒரு அதிசயத்தைக் கண்டான். மழை கண்டு மாதக்கணக்கான வெறும் கடல்மணலில் ஒரு பாகற்கொடி பச்சைப்பசேல் என்று படர்ந்து கிடந்தது. சுவரோரம் ஆளுயரத்துக்குக் கட்டியிருந்த தென்னோலைக் கிடுகுத் தட்டியில் ஏறி, பூத்து, காய்த்துத் தொங்கியது. அவன் ஒரு காயைப் பறித்துக்கொண்டு நூலகத்துக்கு ஓடினான்.

நூலகத்துக்கு அடுத்த அறை பூட்டிக் கிடந்தது. கதவில், 'பழைய மாதிரிகள். நச்சுப் புகை. திறக்க வேண்டாம்' என்று எழுதியிருந்தது. வளவிலுள்ள நாய்கள் எல்லாம் அந்தக் கதவடியில் வரிசையாகப் படுத்துக் கிடந்தன. எல்லா மூக்கும் கதவின் கீழ் இடுக்கைப் பார்த்தபடி, கண்கள் சொக்கி, சொர்க்கவாசலில் இடம் பிடித்ததுபோல. கில்பட் அவற்றைத் தாண்டிக் குதித்து உள்ளே போனான்.

"ராத்தா! கள்ளன் கிடைக்கல, பாகற்காய் கிடைச்சது."

மர்ளியா நூலகர் அல்பொன்சாவோடு சுவரோர அலுமாரிக்குப் பக்கத்தில் இருந்தாள். அல்பொன்சா ஓய்வுக்குக் காத்திருக்கும் வயதுக்காரி. முழங்கால் வலிக்குத் தேங்காயெண்ணெய் பூசாமல் படி ஏறமாட்டாள். அந்த எண்ணெய்ப் போத்தலைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அவள் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தாள்.

"பாருங்க மிஸ், ஒரு சொட்டு விழுதா? மெழுகு மாதிரிக் கட்டியாப் போய்க் கிடக்கு! முந்தல் ஊர்க் கடையில வாங்கினது. கொழுப்புக் கலந்து விக்கிறான், பாவி. நேற்றுப் போய்க் கடை முழுக்கக் கேட்க ஏசிட்டு வந்தன். 'அன்ரி, அது செக்கெண்ணெய்' எண்டு சத்தியம் பண்றான்!"

"உண்மையைத்தான் சொல்லியிருக்கார்" என்றாள் மர்ளியா. "நல்ல எண்ணெய்தான் குளிர்ல இப்பிடி உறையும்."

"குளிரா?" அல்பொன்சா தன் வியர்த்த கழுத்தைத் துடைத்தாள். "ஆலங்குடாவிலயா? இந்த மாசத்திலயா?"

"போத்தலை எங்க வைக்கிறீங்க?"

"இந்த அலுமாரிக்குள்ள, அடித்தட்டுல."

மர்ளியா அலுமாரியைத் திறந்து, அதன் முதுகுப்பலகையில் உள்ளங்கையை வைத்தாள். பிறகு கில்பட்டின் கையை இழுத்து வைத்தாள். அவன் தீயைத் தொட்டவன்போல் கையை உதறினான். பலகை மார்கழி விடியல்போல் ஜில்லென்றிருந்தது.

"அந்தச் சுவருக்கு அங்கால என்ன?"

"சேர்ட மாதிரி அறை. செத்த மீன் போத்தலெல்லாம் இருக்காம். கதவுத் திறப்புத் தொலைஞ்சுபோச்செண்டார்."

மர்ளியா பாகற்காயை வாங்கி உருட்டிப் பார்த்தாள். முகத்தில் மெல்ல ஒரு பளபளப்பு ஏறியது.

"கில்பட், இந்தக் கொடிக்கு யாரு தண்ணி ஊத்துறது?"

"ஒருத்தரும் இல்ல. தட்டிக்குப் பின்னால என்னவோ சொட்டுச் சொட்டா விழுற சத்தம் கேட்டுது. உறுமலும் கேட்டுது, கடலெண்டு நினைச்சன்."

"நாயெல்லாம் ஏன் அந்தக் கதவுக்கிட்ட?"

"செத்த மீன் வாசம்..." என்று தொடங்கியவன் நிறுத்தினான். அங்கே ஒரு வாசமும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"ஏசி" என்றாள் மர்ளியா.

"ஆரை ஏசி? நான் இன்னும் ஒண்டும் செய்யல்லையே!"

"மடையா, குளிர் மெசின்!"

கிடுகுத் தட்டிக்கும் சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் பக்கவாட்டாக நுழையலாம். கில்பட் நுழைந்தான். அங்கே ஏசியின் வெளிப்பெட்டிகள் இரண்டு உறுமிக்கொண்டிருந்தன. மேலே ஒரு ஜன்னல். பூட்டியிருக்கும் என்று நினைத்தான். அது ஒரு சாண் அகலம் திறந்து, ஒரு கல் முட்டுக் கொடுத்து நின்றது.

"ராத்தா, பந்தயம்! உள்ள சிங்க இறால். கள்ளமா ஏத்துமதி செய்யுறவன் ஐஸ் போட்டு அடுக்கி வச்சிருக்கான். இல்லாட்டி என்ட மீசையை எடுக்கிறன்!"

அவன் ஏறி எட்டிப் பார்த்தான். குளிர் முகத்தில் அறைந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"என்னடா ஈக்குது?"

"ஒண்டும் இல்ல."

"வடிவாப் பாரு!"

"வடிவாத்தான் பார்க்கிறன். நாலு சுவர், ரெண்டு ஏசி, நடுவில ஒரு கதிரை. இறால் இல்ல, மீன் இல்ல, ஒரு நுளம்புகூட இல்ல. யாரோ சும்மா இருக்கிற அறைக்கு ஏசி போட்டிருக்கான் ராத்தா! அதுவும் ஜன்னலைத் திறந்துவச்சு, கடலுக்கும் சேர்த்து!"

கீழேயிருந்து ஒரு விசித்திரச் சத்தம் வந்தது. கில்பட் திரும்பிப் பார்த்தான். மர்ளியா சுவரில் சாய்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடத்தில் அவன் எத்தனையோ பகிடி விட்டிருக்கிறான். ஒன்றுக்கும் அவள் இப்படிச் சிரித்ததில்லை. அவனுக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

"அல்லாவே" என்று மூச்சு வாங்கினாள். "ஜன்னலை மூடினா, அறை குளிர்ந்ததும் மெசின் ஓய்ஞ்சுபோகும். ஓயக்கூடாதெண்டுதான் திறந்து வச்சீக்கிது. கில்பட், நாங்க கள்ளனைத் தேடி வந்தது பிழை. இங்க ஒருத்தரும் களவெடுக்கல்ல. ஒருத்தர் பாடுபட்டு வீணாக்கியீக்கிறார்."

"ஆருக்கு என்ன லாபம்?"

"கதைக்கிறதை விட்டுப்போட்டு ஓடு. வாகனச் சத்தம் கேட்குது. நிதிக்காரர் வந்தா மேல் மண்டபத்தில இருத்து. நான் கூப்பிடும்வரைக்கும் கீழ விடாதே."

நிதியின் அதிகாரி ஷானிகா சிலாபத்துக்காரி, கொழும்பில் வேலை. குதியுயர்ந்த சப்பாத்தும் பட்டுச் சேலையுமாக இறங்கினாள். கில்பட் குனிந்து வணங்கி அவளை மேலே கூட்டிப்போய், சீற் கூரைக்கு நேர் கீழே, கடைசி வருட மாணவர்களுக்கு நடுவில் உட்காரவைத்தான். அங்கே ஒரேயொரு மின்விசிறி பாட்டுப் பாடியபடி சூடான காற்றைச் சூடான காற்றோடு கலந்துகொண்டிருந்தது. விரிவுரை முடியும் முன்பே ஷானிகாவின் பவுடர் ஓடைகளாக இறங்கிவிட்டது. முன்வரிசையில் ஒரு மாணவி சத்தமில்லாமல் மேசையில் சாய்ந்தாள். பக்கத்திலிருந்தவர்கள், இது அன்றாடம் நடப்பது என்பதுபோல், கொப்பியால் விசிறிவிட்டார்கள்.

மர்ளியா அழைப்பு அனுப்பியபோது ஷானிகா படியில் இறங்கவில்லை. ஏறக்குறைய உருண்டு வந்தாள்.

பூட்டிய அறையின் கதவு இப்போது திறந்திருந்தது. "நச்சுப் புகை எண்டா சுகாதாரப் பகுதியைத்தான் கூப்பிடவேணும் சேர்" என்று மர்ளியா சொன்னதும், தொலைந்த திறப்பு பதுர்தீனின் சட்டைப்பையிலேயே கிடைத்துவிட்டதாம். நாய்கள் முதலில் நுழைந்தன. பின்னால் ஷானிகா நுழைந்து, "அனே, தேவனே!" என்று கண்ணை மூடி, கைகளை விரித்து நின்றாள். தான் ஓர் அதிகாரி என்பது அவளுக்கு நினைவு வரச் சிறிது நேரம் பிடித்தது.

"இது... யாருடைய அறை?"

"ஒருத்தர்டயும் இல்ல மிஸ்" என்றாள் மர்ளியா. "மீட்டருக்காக உள்ள அறை."

றொகான், அல்பொன்சா, பதுர்தீன் எல்லாரும் தோள்களைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். கில்பட்டின் பற்கள் தந்தியடித்தன.

"சேர்" என்று மர்ளியா திரும்பினாள். "காலையில நாங்க வந்தப்ப உங்கட கண்ணாடி புகைஞ்சிருந்திச்சே. வெளியில நெருப்பு வெயில். இந்தக் கடற்காத்தில கண்ணாடி அப்பிடிப் புகையிறதெண்டா, ஆள் நல்ல குளிருக்குள்ள இருந்து வந்திருக்கோணும். இந்த வளவில குளிர் உள்ள இடம் இது ஒண்டுதான்."

பதுர்தீன் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப என்ட எண்ணெய்யை உறையவச்சதும் நீங்களா சேர்?" என்று அல்பொன்சா அலறினாள். "நான் அந்தக் கடைக்காரனை என்னெல்லாம் கேட்டன்!"

"மூன்று தடவை விண்ணப்பித்தேன்" என்றார் பதுர்தீன். "கூரை கொதிக்கிறது, பிள்ளைகள் மயங்கி விழுகிறார்கள் என்றேன். மூன்று தடவையும் ஒரே பதில். 'உங்கள் கட்டடம் எரிப்பதே கொஞ்சம். மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை. தகுதி இல்லை.' நாங்கள் ஏழை மிஸ், அதனால் எரிக்கவில்லை. ஏசி மண்டபம் வைத்து ஊதாரித்தனம் பண்ணுகிற கட்டடங்களுக்கு உதவி கிடைக்கிறது. விசிறியை மட்டும் நம்பிக் கிடப்பவனுக்கு இல்லை. சரி, ஊதாரியாகிக் காட்டுவோம் என்று நினைத்தேன். ஆய்வுக்கு வந்த பழைய மெசின் இரண்டு கிடந்தது. சிலாபத்திலிருந்து ஆள் பிடித்துப் பொருத்தினேன். கொஞ்சம் அதிகமாகிவிட்டது."

ஷானிகாவின் முகம் ஒருமாதிரி ஆகியிருந்தது.

"அந்தப் பதிலை எழுதினது நான்தான்" என்றாள். "மூண்டு தரமும். இங்க வந்து பார்க்காமலே."

கில்பட்டுக்குப் பேராசிரியரைக் கட்டிப்பிடித்து முத்தமிடலாம்போல் இருந்தது. ஆனால் மர்ளியாவின் முகத்தில் சிரிப்பு மருந்துக்கும் இல்லை.

"எல்லாம் சரி சேர்" என்றாள். "நீங்க எரிச்சது கரண்ட். அதுக்கு மிஸ் ஒரு முடிவு சொல்லுவா. ஆனா களவெண்டு பேச்சு வந்த நாள்ல இருந்து இந்தத் தம்பியும் எரிஞ்சுகொண்டு நிண்டானே, அதைப் பார்த்துக்கொண்டு எப்பிடி வாயை மூடி இருந்தீங்க?"

பதுர்தீனின் தலை குனிந்தது.

ஷானிகா முடிவைச் சொன்னாள். அளந்ததெல்லாம் செல்லாது, முதலிலிருந்து நேர்மையாக அளக்க வேண்டும். திட்டம் இனிப் பதுர்தீனின் பொறுப்பில் இருக்காது. சோலார் கிடைக்குமா என்று அவளால் சொல்ல முடியாது. "ஆனா கூரை வேற" என்றாள். "அதுக்கு மிச்சம் பிடிக்கிற கணக்குத் தேவையில்ல. ஆக்கள் உயிரோட இருக்கிறதுக்குத் தேவையெண்டு நானே எழுதுவன். ஒப்புக்கொள்ளாட்டி, எங்கட பெரியவரைக் கூட்டிவந்து அந்த மண்டபத்தில இருத்துவன். அவர் என்னைவிடப் பருமன், சீக்கிரம் ஒப்புக்கொள்ளுவார்."

றொகான் சுவிட்சை அணைத்தான். உறுமல் அடங்கியது. நாய்கள் எல்லாரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து போயின.

பதுர்தீன் அவனருகில் வந்தார். "றொகான், என்னை..."

"இங்க வேணாம் சேர்" என்றான் றொகான். "என்னைக் கள்ளன் எண்டு ஊர் கதைச்சது கன்டீன்ல. அங்க வந்து சொல்லுங்க."

பகல் சாப்பாட்டு நேரம். கன்டீன் நிறைந்திருந்தது. பேராசிரியர் பதுர்தீன் நேராக நடுவிலிருந்த வாங்குப் பலகையின் மேல் ஏறி நின்றார். கறி ஊற்றிக்கொண்டிருந்த அகப்பை அந்தரத்தில் நின்றது.

"கேளுங்கள்" என்றார். "மின்சாரத்தை யாரும் களவெடுக்கவில்லை. வீணாக்கியது நான். றொகான் மேல் பழி விழுந்தபோது எனக்கு உண்மை தெரியும். தெரிந்துகொண்டே பேசாமல் இருந்தேன். அவன் முகத்தை இனி நான் பார்க்க வேண்டுமென்றால், அதை உங்கள் எல்லார் முன்னாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்."

கில்பட் வாசலில் நின்று தன் நண்பனையே பார்த்தான். றொகான் சோற்றுக்கோப்பையிலிருந்து கையை எடுத்து நிமிர்ந்தான்.

"சேர்" என்றான். "இறங்குங்க. தலையில ஃபேன் அடிக்கும்."

முதலில் சிரித்தது அல்பொன்சாதான். பிறகு கன்டீன் முழுக்கச் சிரிப்பு வெடித்தது, மேசையெல்லாம் தட்டினார்கள். பதுர்தீன் தடுமாறி இறங்கினார். றொகான் நகர்ந்து வாங்கில் இடம் விட்டான்.

"என்னை மன்னித்துவிட்டாயா?"

"அது இன்னும் இல்ல சேர்" என்றான் றொகான், கறிக் கோப்பையை அவர் பக்கம் தள்ளியபடி. "இப்ப சாப்பிடுங்க, சோறு ஆறுது."